மழையோடு முடிந்த படம்

எங்கள் அண்ணனுக்கு நல்ல மனசு. அவனிடம் உள்ள ஒரே தொல்லை அதுதான். கெட்ட மனசுக்காரனாக இருந்தால் வாயை மூடு என்று சொல்லிவிடலாம். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவனை என்ன சொல்லி நிறுத்துவது?

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டரே, ஏதோ தன் வீட்டுக் குழந்தையின் ஓவியத்தைப் பார்ப்பது போல, "அழகா கூடியிருக்கு" என்றார். எலும்பு கூடி என்ன, அம்மா எழுந்திருக்க வேண்டுமே. வாக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் அதில் துண்டைக் காயப்போடச் சொன்னாள். எழுப்பி நிறுத்தினால் இரண்டு நொடியில் "விழுந்துடுவேன், விழுந்துடுவேன்" என்று அலறி உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வாய் ஓயாத அம்மா. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவள். அவள் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோக்காரர் என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார். எதற்கெடுத்தாலும் "சூப்பர்" என்கிற மனிதர், அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. "எலும்புல ஒண்ணும் குறையில்லைங்க. பயம்தான். இந்த மாசத்துக்குள்ள காலை ஊன்றி நடக்கலன்னா தசை கரைஞ்சு போயிடும். அப்புறம் அவங்களே நடக்கணும்னு நெனச்சாலும் முடியாது. சக்கர நாற்காலிதான்" என்றார்.

இதை அண்ணனிடம் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் முகவர்களுக்கு ஊக்கப் பேச்சுப் பேசுகிற வேலையில் இருக்கிறான். கேட்டவுடன் முகம் பிரகாசமாகிவிட்டது.

"அம்மாவுக்கு மருந்து வேணாம். மனசைத் தூக்கி விடணும். அதுக்குப் படம் இருக்கு."

"என்ன படம்?"

"உத்வேகம் தர்ற படம். பாத்தா படுத்தவன் எழுந்து ஓடுவான்."

மறுநாளே பெரிய டிவியைத் தன் வீட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து, அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டான். அம்மா பார்த்துக்கொண்டு கிடந்த சுவரும் அதுதான். அதனால் திரும்பிப் படுக்கவும் வழியில்லாமல் போயிற்று.

முதல் படத்தில் ஒற்றைக் காலோடு ஒருவன் மலை ஏறினான். கடைசியில் உச்சியில் நின்று கைகளை விரித்து அழுதான். அண்ணனும் அழுதான். அம்மா ரொம்ப நேரம் கழித்து, "இவனுக்கு வீட்டுல வேலை வெட்டி ஒண்ணும் இல்லையா?" என்றாள். அவ்வளவுதான். படத்தின் உத்வேகம் வீணாகவில்லை, சும்மா சொல்லக்கூடாது. அண்ணன் மறுநாள் விடியும் முன்பே ஓட்டப் பயிற்சிக்குப் போய்க் கணுக்காலைப் பிசகிக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு வாங்கிய வெந்நீர்ப் பை மூன்று நாள் அவன் காலில் இருந்தது.

இரண்டாவது படத்தில் பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மாள் நீச்சல் கற்றுக்கொண்டு பதக்கம் வாங்கினாள். "பாத்தியாம்மா? உன்னைவிட வயசு அதிகம் அவங்களுக்கு" என்று அண்ணன் கண்ணில் விரலை விட்டு ஆட்டாத குறையாகச் சொன்னான்.

"தண்ணியில விழுந்தா வலிக்காது. அவளைப் பாத்ரூம்ல விழுந்து பாக்கச் சொல்லு."

மூன்றாவது படம் ஒரு நாயைப் பற்றியது. நான் ஏங்கி ஏங்கி அழுதேன். அம்மா தூங்கிவிட்டாள்.

அப்பா இந்தப் படம் எதையும் பார்க்கவில்லை. அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களைவிட ஃபிரிட்ஜோடு அதிகம் பேசியவர். அம்மாவுக்குத் தலை வாரிவிடுவது, படுக்கையில் பெட்பேன் வைத்து எடுப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர்தான். வாயைத் திறக்காமல் செய்வார். செய்து முடித்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொள்வார். ஒருநாள் அங்கே ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் எடுக்காமல், உள்ளே பார்த்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது. நான் தண்ணீர் குடிக்க வந்தவள் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. "நம்ம படத்தை மறந்துட்டோமே!" என்றான்.

நம்ம படம் என்றால் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் அப்பா ஒரே ஒரு படத்தைத்தான் போடுவார். நான் கணக்கில் தோற்றபோது அந்தப் படம். அண்ணனுக்கு முதல் வேலை போனபோது அந்தப் படம். அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை வந்து, அத்தை ஆறு மாதம் வீட்டுப் பக்கம் தலை காட்டாமல் இருந்தபோது மட்டும் அம்மா நன்றாகத்தான் இருந்தாள், அப்பாவுக்காகப் போட்டோம். வெளியூரில் யாரும் கேள்விப்படாத படம். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லையாம். டிவியிலும் போட்டதில்லை. அப்பா எங்கிருந்தோ கேசட்டில் பதிவு பண்ணி வைத்திருந்தார்.

படகு மோட்டார் பழுது பார்க்கிற ஒருவன், ஒரு பள்ளிக்கூட டீச்சர். இருவருக்கும் ஓயாத சண்டை. கடைசியில் டீச்சர் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அவன் சைக்கிளில் துரத்துவான். செயின் கழன்றுவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான். ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும், அவள் இறங்கி வருவாள், மழை கொட்டும். அவன் மூச்சு வாங்க வசனம் பேச வாயைத் திறப்பான். "முதல்ல சைக்கிளைக் கீழ வைங்க" என்பாள் அவள். அவன் அதைத் தன் காலிலேயே போட்டுக்கொள்வான். அம்மா அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இருவரும் மழையில் நனைந்துகொண்டு சிரிப்பார்கள். உடனே அப்பா எழுந்து நிறுத்துவார். "அவ்வளவுதான் படம். சாப்பிடலாம்" என்பார்.

மற்ற படங்கள் முடியும்போது திரையில் 'வணக்கம்' என்று எழுத்து வரும். இந்தப் படத்துக்கு வரவில்லையே என்று இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணெதிரே இருப்பது தெரியாதவர்களால்தான் எங்களுக்குப் பிழைப்பு. என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேசட்டும் போய், அது ஓடுகிற பெட்டியும் போய் வெகுகாலம். ஆனால் அண்ணன் அதை இணையத்தில் எங்கோ தோண்டி எடுத்துவிட்டான். "கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. அப்பாகிட்ட சொல்லாத. அவருக்கும் ஆச்சரியமா இருக்கட்டும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்துப் போட்டோம்.

அம்மா முதல் காட்சியிலேயே தலையைத் திருப்பினாள். "அட, இதுவா!" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். வசனங்களைக் கூடவே முணுமுணுத்தாள். செயின் கழன்றது, பஸ் நின்றது, மழை கொட்டியது, சைக்கிள் காலில் விழுந்தது. அம்மா சிரித்தாள். குளியலறையில் விழுந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அண்ணன் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

படம் நிற்கவில்லை.

"இன்னும் ஓடுதே?" என்றேன்.

"புதுசா சில காட்சி சேத்திருப்பாங்க. இப்பல்லாம் அப்படித்தான்" என்றான் அண்ணன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

கல்யாணம் நடந்தது. டீச்சர் தும்மினாள். அப்புறம் இருமினாள். சினிமாவில் இருமினால் என்ன ஆகும் என்று தெரியாத ஜென்மமா நாம்? அந்த மழையில் நனைந்ததுதான் வினை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் வந்தார், நாடியைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் கடையில் கண்ணாடியைக் கழற்றினால் துடைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். படத்தில் கழற்றினால் ஆள் போய்விட்டது என்று அர்த்தம். அவன் அந்தச் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கதறினான். இன்னும் கால் மணி நேரத்துக்குமேல் கதறல் பாக்கி இருந்தது.

"நிறுத்துடா!" என்றேன். அண்ணன் ரிமோட்டைத் தேடினான். போர்வைக்கடியில் தேடினான், கட்டிலுக்கடியில் தேடினான். அதற்குள் கதவு திறந்தது. மருந்துப் பையோடு அப்பா. திரையைப் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஐயையோ! இதை யார்டா போட்டது? அணைடா!"

அம்மா அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

அப்பா குனிந்து பையைப் பொறுக்கினார்.

"அவ செத்துப் போறாளா?"

"இல்ல... அது வந்து..."

"அவ செத்துப் போறா. உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமா தெரியும்!" அம்மாவின் குரல் ஏறியது. அந்த மூன்று தெருக் குரல். "படம் முடிஞ்சுது, கடைசியா ஒரு பாட்டுதான், பஸ் போயிடும்னு தியேட்டர்லேருந்து கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தீங்களே! எல்லாரும் உக்காந்திருக்காங்களேன்னு கேட்டதுக்குப் பாட்டுக்காக உக்காந்திருக்காங்கன்னு சொன்னீங்களே! என்னை என்ன மடச்சின்னு நெனச்சீங்களா?"

"அப்ப உன் நிலைமை அப்படி..."

"என்ன நிலைமை?"

அப்பா எங்களைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"முதல் குழந்தை போய் மூணு வாரம்தான் ஆயிருந்துது. நீ இப்ப மாதிரியேதான் சுவத்தைப் பாத்துட்டுக் கிடந்த. சோறு தண்ணி இல்ல. என்னோட பேசவே இல்ல. உன்னை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு, நான் முதல்ல தனியாப் போய் எல்லாப் படத்தையும் பாத்தேன். இதுலதான் சிரிப்பு வந்துது. கடைசியில இப்படி ஆகும்னு பாத்தப்ப எனக்கே ஆறல. ஆனா அந்தச் சைக்கிள் விழுற இடத்துல நீ சிரிப்பேன்னு தோணிச்சு. சிரிச்ச. அதோட கூட்டிட்டு வந்துட்டேன்."

எங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை இருந்தது என்பதே அண்ணனுக்கும் எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அண்ணன் போர்வையைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அம்மாவின் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். அம்மாவுக்குக் கோபம் இன்னும் பற்றிக்கொண்டது.

"அன்னிக்குச் சரி. மறுவாரம் சொல்றதுக்கு என்ன? மறுவருஷம் சொல்றதுக்கு என்ன? கேசட்டையும் வெட்டி ஒட்டி வச்சிருக்கீங்க!"

"நடுவுல எப்படிச் சொல்றது? அதுக்குள்ள நீ ஊரெல்லாம் சொல்லிட்ட, எனக்குப் புடிச்ச படம்னு."

"இருங்க, வர்றேன்" என்றாள் அம்மா.

அடுத்து நடந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அம்மா காலைத் தரையில் வைத்தாள். வாக்கரில் கிடந்த துண்டை இழுத்து எறிந்தாள். எழுந்தாள். விழுந்துடுவேன் என்று அலற அவளுக்கு நேரம் இல்லை, வாய் வேறு வேலையாக இருந்தது. ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். அண்ணன் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தான். அப்பா கண்ணாலேயே அவனைத் தடுத்தார்.

அப்பா பின்னால் நகர்ந்தார். அம்மா அவரைத் துரத்தினாள். கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். நான் பக்கத்தில் ஓடினேன், தொடாமல். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கால்களையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். அவள் மூச்சு வாங்கி நிற்கப் போனபோது, "உனக்கு அப்பவே விவரம் பத்தாது. சொன்னாலும் புரிஞ்சிருக்காது" என்றார். அப்பா வாழ்நாளில் அம்மாவிடம் அப்படிப் பேசினவர் இல்லை.

"என்ன சொன்னீங்க?" அம்மா மறுபடி வாக்கரைத் தூக்கி வைத்தாள்.

சமையலறைவரை வந்தாயிற்று. அப்பாவின் முதுகு ஃபிரிட்ஜில் முட்டியது, அதற்குமேல் போக இடமில்லை. அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். வாக்கரை விட்டு ஒரு கையை எடுத்து அவர் மார்பில் ஒரு குத்து விட்டாள். பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். அடுப்பு, பாத்திரங்கள், குழாய். ஒரு மாதத்துக்குமேல் பார்க்காத சமையலறை.

"குழாய் ஏன் இப்படிச் சொட்டுது? யாருக்கும் கண்ணில்லையா?" என்றாள்.

அப்பா அழுதுவிட்டார்.

அண்ணன் அன்றைக்கே தன் இணையப் பக்கத்தில் 'என் அம்மாவை நடக்க வைத்த படங்கள்' என்று எழுதிப் போட்டுவிட்டான். மலை ஏறினவன், நீந்தினவள், நாய் எல்லாரும் அதில் இருந்தார்கள். கண்ணீர் விடுகிற பொம்மை முகங்கள் வந்து குவிந்தன. பிசியோக்காரர் தன் பயிற்சிதான் என்று நம்பினார். "சூப்பர்மா!" என்றார். விட்ட சூப்பரையெல்லாம் சேர்த்துச் சொன்னார்.

ஆனால் கோபம் ஒரு நாளைக்குத்தான் வந்தது. மறுநாள் அம்மா கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பயமா இருக்கு" என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்தார். கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"உன் தம்பி கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கலன்னு சொன்னேன்ல? லீவு கிடைச்சுது."

அம்மா கூடம் முழுக்க நடந்தாள்.

அதற்கு அடுத்த நாள் அத்தை விஷயம்; சண்டை நடந்த அந்த ஆறு மாதமும் அம்மாவுக்குத் தெரியாமல் அத்தையைப் போய்ப் பார்த்து வந்தாராம். அதற்கும் அடுத்த நாள் மஞ்சள் சட்டை. அம்மா தன் கையால் தைத்துக் கொடுத்த பளீர் மஞ்சள் சட்டையை அப்பா வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போய், பட்டறை வாசலில் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வேறு சட்டை மாட்டிக்கொள்வாராம். திரும்பி வரும்போது மறுபடி மஞ்சள். வருஷக்கணக்கில். அதற்கு அம்மா வாசல்வரை நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவின் சரக்கு தீர்ந்துவிட்டது. நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மெல்ல என் பக்கத்தில் வந்தார். "நான் வேற ஏதாவது தப்பு பண்ணியிருக்கேனா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்."

"பொண்ணுகிட்ட கேக்கிற கேள்வியாப்பா இது?" என்றேன். ஆனால் யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை. இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு எந்த நோயாளியைக் குணப்படுத்துவது?

அன்று சாயங்காலம் அவரே ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தார். கதவுப் பக்கம் போய் நின்றார், கனைத்தார்.

"உதிரி பாகக் கடையில ஒரு பொண்ணு இருந்தா. கல்யாணம் ஆன புதுசுல. எனக்கும் அவளுக்கும்..."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சைக்கிள் காலில் விழுந்தபோது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"உங்களுக்கா? மூஞ்சியைப் பாரு! போதுங்க, நிறுத்துங்க. லீவு கிடைச்சது எனக்கு அன்னிக்கே தெரியும், உங்க மேஸ்திரி பொண்டாட்டி சொன்னா. மஞ்சள் சட்டையும் தெரியும். வேர்வைக் கறையே இல்லாத சட்டையை வருஷக்கணக்கா துவைச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரி தினம் சண்டைக்கு வந்த?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றீங்களேன்னுதான்." அம்மாவின் சிரிப்பு அடங்கியது. "எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் படம் ஒண்ணுதான் தெரியாமப் போச்சு. அது ஒண்ணைத்தான் நான் முழுசா நம்பியிருந்தேன்."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.   அம்மா வாக்கரை இழுத்து, யாரும் கோபமூட்டாமல், தானாக எழுந்தாள். மெதுவாகக் கூடத்துக்கு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டிவியை இங்க கொண்டாந்து மாட்டச் சொல்லு உன் அண்ணனை. அந்தப் படத்தைப் போடணும்."

அண்ணன் வந்து மாட்டினான். வாயைத் திறக்கவில்லை, ஆச்சரியம்தான். படம் ஓடியது. அப்பா நாற்காலி நுனியில், ஊசி போட்டுக்கொள்ள வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். ரிமோட் அம்மாவின் மடியில் இருந்தது, யாரையும் தொட விடவில்லை. செயின் கழன்றது. பஸ் நின்றது. மழை கொட்டியது. "முதல்ல சைக்கிளைக் கீழ வைங்க." சைக்கிள் காலில் விழுந்தது. அம்மா சிரித்தாள். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

திரையில் இருவரும் மழையில் நனைந்துகொண்டு சிரித்தார்கள். அம்மா ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். திரை இருண்டது.

"அவ்வளவுதான் படம்" என்றாள். "சாப்பிடலாம்."

அப்பா கண்ணைத் திறப்பதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள்.